ஆளைக் கொண்டு வந்து நிறுத்து

ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 24 வந்தால் என் டைம்லைனில் கேசவானந்த பாரதி வழக்கைப் பற்றி நாலு பதிவாவது வந்துவிடும். 13 நீதிபதிகள், 68 நாள் விசாரணை, 7க்கு 6 என்று மயிரிழையில் வந்த தீர்ப்பு. நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்திக்கொள்ளலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பில் கை வைக்கக் கூடாது என்று 1973இல் உச்ச நீதிமன்றம் சொன்ன நாள். கொண்டாட வேண்டிய தீர்ப்புதான், நானும் லைக் போடுவேன். ஆனால் அதற்கு நாலு நாள் கழித்து ஏப்ரல் 28 வருகிறது, அன்றைக்கு யாரும் ஒன்றும் எழுதுவதில்லை. அதனால்தான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நான் வக்கீல் இல்லை. ஒரு வக்கீல் ஆபீஸில் ஏழு வருடம் டைப் அடித்தவன். அதிகம் அடித்தது ஆட்கொணர்வு மனுக்கள். சட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த சொல் அதுதான். ஆளைக் கொண்டு வா. என் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனார்கள், எங்கே வைத்திருக்கிறார்கள், எதற்காக வைத்திருக்கிறார்கள், கொண்டு வந்து நீதிபதி முன்னால் நிறுத்திச் சொல்லச் சொல்லுங்கள் என்று ஒரு தாய் கேட்கிற மனு. அரசியலமைப்பில் எத்தனையோ உரிமைகள் எழுதியிருக்கிறது, ஆனால் ஆளையே காணோம் என்றால் மற்ற எந்த உரிமையை வைத்து என்ன செய்வது?

அந்தக் கேள்வியைத்தான் 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் கேட்க முடியாது என்று சொல்லிவிட்டது. ஏடிஎம் ஜபல்பூர் வழக்கு என்று பெயர், ஏடிஎம் என்றால் கூடுதல் மாவட்ட மாஜிஸ்திரேட். 1975 ஜூன் 25 இரவு அவசரநிலை வந்தது, இரண்டே நாளில் சமத்துவம், உயிர் மற்றும் சுதந்திரம், கைதுக்கு எதிரான பாதுகாப்பு ஆகியவற்றைத் தரும் 14, 21, 22 பிரிவுகளுக்காக யாரும் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று குடியரசுத் தலைவர் ஆணை. விசாரணை இல்லாமல் உள்ளே வைக்கிற மிசா சட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். உள்ளே இருந்தவர்கள் அந்தந்த மாநில உயர் நீதிமன்றங்களுக்குப் போனார்கள். ஒன்பது உயர் நீதிமன்றங்கள், அதுவும் அந்தக் காலத்தில், சரி, மனுவை விசாரிக்கிறோம் என்று துணிந்து சொல்லின. அதை எதிர்த்து அரசு மேல்முறையீடு போக, ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்தார்கள்.

விசாரணையில் நீதிபதி எச்.ஆர். கன்னா அட்டர்னி ஜெனரல் நிரேன் டேயிடம் ஒன்று கேட்டார். 21ஆவது பிரிவில் சுதந்திரம் மட்டும் இல்லை, உயிரும் இருக்கிறதே, ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகையில் ஒருவரைக் கொன்றுவிட்டால் அதற்கும் கோர்ட்டில் வழி இல்லையா? அவசரநிலை இருக்கும்வரை வழி இல்லை என்பதுதான் பதில். நாட்டின் தலைமை அரசு வழக்கறிஞர், உச்ச நீதிமன்றத்தில் நின்றுகொண்டு, வாய்விட்டுச் சொன்ன பதில். அதைக் கேட்ட பிறகும் நாலு நீதிபதிகள் அரசின் பக்கம் கையெழுத்துப் போட்டார்கள்: ஏ.என். ரே, எம்.எச். பேக், ஒய்.வி. சந்திரசூட், பி.என். பகவதி. கன்னா ஒருவர் மட்டும் மாட்டேன் என்றார்.

இதில் நீதிபதி பேக் எழுதிய ஒரு வரி இருக்கிறது. காவலில் இருப்பவர்களுக்கு நல்ல இடம், நல்ல சாப்பாடு, நல்ல கவனிப்பு கொடுத்து அரசு அதிகாரிகள் கிட்டத்தட்ட ஒரு தாயைப் போலப் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற பொருளில் எழுதினார். அதே வருடம் ஜனவரி 31ஆம் தேதி இங்கே திமுக ஆட்சியைக் கலைத்து, கைதுகள் தொடங்கி, சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகளைக் கட்டிப்போட்ட மாடு மாதிரி அடித்திருந்தார்கள். அங்கே அடிபட்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தே போனார். பின்னால் நீதிபதி இஸ்மாயில் கமிஷன் வைத்து, அடித்தது உண்மை என்று வெளியே வந்தது. அந்தத் தாய் வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

கேரளத்தில் ராஜன். கோழிக்கோடு பிராந்தியப் பொறியியல் கல்லூரி மாணவன். 1976 மார்ச் 1 விடியற்காலை போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அப்பா ஈச்சர வாரியர், இந்திப் பேராசிரியர், அமைச்சர்கள் வீடு, அதிகாரிகள் வீடு என்று ஏறி இறங்குகிறார், மனு மேல் மனு எழுதுகிறார், எவரும் வாயைத் திறக்கவில்லை. டெல்லியில் அந்தத் தீர்ப்பு வந்த நாளில் அவர் இன்னும் மகனைத் தேடிக்கொண்டுதான் இருந்தார். கக்கயம் போலீஸ் முகாமில் உடம்பின் மேல் உலக்கையை உருட்டிச் சித்திரவதை செய்து கொன்று எட்டு வாரம் ஆகியிருந்தது, அது அவருக்குத் தெரியாது. அவசரநிலை நீங்கிய பிறகு, 1977இல்தான் கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். கொண்டு வந்து நிறுத்து என்று கோர்ட் சொன்னது. நிறுத்த ஆள் இல்லை. முதலமைச்சர் கருணாகரன் பதவி விலகினார். உடல்கூடக் கிடைக்கவில்லை.

கன்னா பற்றிச் சொல்லாமல் போக முடியாது. இந்தத் தீர்ப்பு தனக்குத் தலைமை நீதிபதி பதவியை இல்லாமல் ஆக்கிவிடும் என்று முன்பே தன் தங்கையிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதினார். அப்படியே ஆனது. 1977 ஜனவரியில் பணிமூப்பில் அவருக்குப் பின்னால் நின்ற பேக்கைத் தலைமை நீதிபதி ஆக்கினார்கள், கன்னா ராஜினாமா செய்துவிட்டு வீட்டுக்குப் போனார். கேசவானந்த பாரதியில் 6 பேரை 7 ஆக்கிய ஓட்டும் இவருடையதுதான், ஏப்ரல் 24 அன்று பதிவு போடுகிறவர்கள் அவர் பெயரையாவது ஒரு வரி சேருங்கள். மாறுபட்ட தீர்ப்பு என்பது எதிர்காலத்தின் அறிவை நோக்கிச் செய்யும் முறையீடு என்று ஒரு அமெரிக்க நீதிபதி சொன்னதை அவர் தன் தீர்ப்பில் எடுத்துப் போட்டார்.

எனக்குத் தொண்டையில் சிக்குவது அந்த இடம்தான். எதிர்காலம் வந்தது, உண்மை. 1978இல் 44ஆவது திருத்தம் வந்து, எந்த அவசரநிலையிலும் 21ஆவது பிரிவை முடக்க முடியாது என்று ஆனது. 2011இல் பகவதி, நான் செய்தது தவறு என்று ஒத்துக்கொண்டார். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்ன அதே ஒன்பது நீதிபதி அமர்வு ஜபல்பூர் தீர்ப்பையும் தூக்கி எறிந்தது. அதில் ஒய்.வி. சந்திரசூட்டின் மகன் டி.ஒய். சந்திரசூட்டே அப்பா எழுதியது தவறு என்று எழுதினார். எல்லாரும் கைதட்டினோம். கணக்குப் போட்டுப் பாருங்கள், 41 வருடம். ஈச்சர வாரியர் 2017ஐப் பார்க்க உயிரோடு இல்லை.

இது முதல் தடவையும் இல்லை. அரசியலமைப்பு அமலுக்கு வந்து ஒரு மாதம் ஆவதற்குள், 1950 பிப்ரவரியிலேயே தடுப்புக் காவல் சட்டத்தைக் கொண்டு வந்துவிட்டார்கள். அப்போதைய சென்னை மாகாணச் சிறையில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். சட்டம் என்று ஒன்று போட்டு அதன்படி பிடித்தால் போதும், அந்தச் சட்டம் நியாயமா என்று நாங்கள் பார்க்க மாட்டோம் என்றது பெரும்பான்மை. அங்கேயும் ஃபஸல் அலி என்று ஒரே ஒருவர், உரிமைகளைத் தனித்தனித் தீவாக வெட்டிப் பார்க்காதீர்கள், ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது என்று எழுதினார். அவர் சொன்னதை மேனகா காந்தி வழக்கில் கோர்ட் ஏற்றுக்கொள்ள 1978 ஆகிவிட்டது. கோபாலன் 1977 மார்ச் 22 அன்றே இறந்துவிட்டார். அவசரநிலை நீங்கியதற்கு மறுநாள்.

தனி ஆளாக நின்று எழுதிய நீதிபதிகளை மதிக்கிறேன், அவர்கள் படத்தைப் போடுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கோர்ட் பின்னால் திருத்திக்கொண்டது என்று நாம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு ஆளை உள்ளே வைத்திருக்கும் விஷயத்தில் தாமதமாக வரும் சரியான தீர்ப்பு அந்த ஆளுக்கு எந்தப் பயனும் தருவதில்லை, அது வரலாற்றுப் புத்தகத்துக்குத்தான் பயன். அதனால் நான் எந்த நாட்டுக் கோர்ட்டையும் அதன் பெரிய தீர்ப்புகளை வைத்து அளக்க மாட்டேன், ஒரு ஆட்கொணர்வு மனுவை எத்தனை நாளில் முடிக்கிறது என்பதை வைத்துத்தான் அளப்பேன்.

அப்படி அளந்தால் இன்றைக்கும் நிலைமை நன்றாக இல்லை. மிசா போய்விட்டது, ஆனால் நம்மிடம் 1982இன் 14ஆவது சட்டம் இருக்கிறது, எல்லாரும் குண்டர் சட்டம் என்பது. கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ கையெழுத்துப் போட்டால் வழக்கு நிரூபணம் ஆகாமலே ஒரு வருடம் உள்ளே. ஏழு வாரத்துக்குள் அறிவுரைக் குழுமம் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. உயர் நீதிமன்றத்தில் இந்த ஆணைகள் அடிபடுவதை வாரா வாரம் பார்த்திருக்கிறேன். காரணம் என்னவென்று பார்த்தால், காவலுக்கான ஆவணங்களைத் தொகுத்துக் கைதிக்குக் கொடுத்த கட்டுப் புத்தகத்தில் பக்கங்கள் படிக்க முடியாத ஜெராக்ஸ், ஆங்கில ஆவணத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு இல்லை, கைதி அனுப்பிய மனுவை அரசு காரணம் சொல்லாமல் கிடப்பில் போட்டது, இப்படித்தான். முதல் நாளே தெரிகிற குறைகள். அதைக் கண்டுபிடித்து ரத்து செய்ய மாதக்கணக்கு ஆகிறது.

ஒரு அம்மா வருவார். மஞ்சள் துணிப்பையில் அந்தக் கட்டுப் புத்தகத்தைச் சுருட்டி வைத்திருப்பார், 300 பக்கத்துக்கு மேல். நாற்பதாம் பக்கத்துக்கு அப்புறம் எழுத்தெல்லாம் கறுப்பு மை பூசின மாதிரி. உள்ளே இருந்தது எட்டாவது படித்த அவர் பையன். நான் அதை வைத்துக்கொண்டு எந்தெந்தப் பக்கம் தெரியவில்லை என்று எண் போட்டு டைப் அடித்தேன், அடிக்கும்போதே தெரியும் இது நிற்காது என்று. மனு போட்டது இரண்டாவது மாதம். ஆணை ரத்தானது ஒன்பதாவது மாதம். ஒவ்வொரு தடவையும் பட்டியலில் வரும், நேரம் போதாமல் அடுத்த வாரத்துக்குப் போகும், அரசுத் தரப்பு அவகாசம் கேட்கும், அவர் சாயங்கால பஸ் பிடித்து ஊருக்குப் போவார்.

ரத்தான அன்றைக்கு நான் போய் அவரிடம் சொன்னேன். அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. “ஆறு மணிக்கு மேல உள்ளே இருந்து விட மாட்டாங்களாமே தம்பி, ஆர்டர் காப்பி இன்னைக்கே போய்ச் சேந்துருமா?” என்று மட்டும் கேட்டார். மணி அப்போது நாலே கால். நான் மாடிப்படி ஏறி காப்பிக்கு ஓடினேன்.