பாஸ் முடிந்தால் ஊர் முடிந்தது

சிங்கப்பூரில் சில காலம் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள், பிற்பாடு ஒரு நடை போய்ச் சுற்றிவிட்டு வந்து எழுதும் பதிவுகளில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: "அது பழைய சிங்கப்பூர் இல்லைங்க." கட்டடத்தை இடித்துவிட்டார்கள், கடையை மூடிவிட்டார்கள், ஊருக்கு இருந்த உயிரே போய்விட்டது, இத்யாதி. சென்ற மாதம் நானும் போய் வந்தேன். அப்படிப் புலம்புவதற்கான சரக்கு எனக்கும் நிறையவே கிடைத்தது. ஆனால் அந்த ஊரைப் பார்த்துப் புலம்ப எங்களுக்கு என்ன பாத்தியதை என்பதுதான் போன இடமெல்லாம் மனதில் ஓடியது.

நான் அங்கே இருந்தது 2000களின் நடுவிலிருந்து 2013 தொடக்கம் வரை. போய் இறங்கியபோதே அங்கிருந்தவர்கள் ஸ்டாம்ஃபர்டு ரோட்டில் இருந்த செங்கல் நூலகத்துக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்கள். 1960இல் திறந்தது. 2004இல் மூடி, ஒரு சுரங்கச் சாலைக்காக இடித்துவிட்டார்கள். அந்தக் கதையைக் கேட்டுத் தலையாட்டினேனே தவிர எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை. விக்டோரியா ஸ்ட்ரீட்டில் 2005இல் திறந்த உயரமான கண்ணாடிக் கட்டடம்தான் எனக்கு நூலகம். இன்று நான் தேடிப் போய் ஏமாந்த இடங்களைப் பற்றி, 2019க்குப் பிறகு அங்கே போனவர்களிடம் சொன்னால் அவர்களும் அப்படித்தான் தலையாட்டுவார்கள்.

ரோச்சோர் சென்டர் அதில் ஒன்று. பூகிஸ் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று நான்கு புளோக்குகள், குழந்தைகள் வண்ணம் தீட்டிய மாதிரி நிற்கும். 1977இல் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய வீடுகள். வடக்கு தெற்கு விரைவுச்சாலைக்காக 2016க்குள் எல்லோரையும் காலி செய்யவைத்து, 2018இல் இடிக்கத் தொடங்கினார்கள். சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தை 2017 ஜூலையோடு முடிந்தது. மலேசிய ரயில்கள் வந்துபோன தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி ரயில் கிளம்பியது 2011 ஜூன் 30ஆம் தேதி. ஜோகூர் சுல்தானே எஞ்சினை ஓட்டிக்கொண்டு போனார். அன்று இரவு கூட்டத்தில் நானும் நின்றேன். அந்த நிலையத்தில் ஒரு வேடிக்கை இருந்தது. மலேசியக் குடிநுழைவுச் சோதனை அங்கேயே முடிந்துவிடும், சிங்கப்பூரின் சோதனை எல்லையில் இருக்கும் உட்லண்ட்ஸில். ஆக, ஒரு நாட்டுக்குள் நுழைந்த பிறகுதான் இன்னொரு நாட்டை விட்டு வெளியேறுவோம்!

சரி, இதற்கெல்லாம் யார் வருத்தப்பட வேண்டும்? ரோச்சோரில் பிள்ளை பெற்று, பேரனையும் பார்த்துவிட்டு, அரசாங்கம் மாற்றிக் கொடுத்த வீட்டுக்குப் பெட்டி கட்டிய பாட்டி வருத்தப்படலாம். அவருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 99 ஆண்டுக் குத்தகை என்று கையெழுத்துப் போட்ட வீட்டில் பாதி ஆண்டுகள்கூட இருக்கவில்லை. நாங்கள் அந்தப் பக்கமாகப் பேருந்தில் போனவர்கள். ஜன்னல் வழியாகப் பார்த்த கட்டடம் போய்விட்டது என்று ஃபேஸ்புக்கில் ஒப்பாரி வைப்பது கொஞ்சம் அதிகம்.

நான் குடியிருந்த தோ பாயோ புளோக் இன்னும் இருக்கிறது. புதுப் பெயின்ட். நாங்கள் இருந்தபோது லிஃப்ட் சில மாடிகளில்தான் நிற்கும், மற்றவர்கள் ஒரு மாடி ஏறியோ இறங்கியோ போகவேண்டும். இப்போது எல்லா மாடியிலும் நிற்கிறது. முழங்கால் வலியோடு அரிசி மூட்டை தூக்கிய பக்கத்து வீட்டு ஆன்ட்டியை நினைத்தால், ஊர் மாறியது நல்லதுக்குத்தான் என்று தோன்றியது. லோரோங் 6இல் 1979இல் கட்டிய டிராகன் விளையாட்டுத் திடல் மணலோடு அப்படியே இருக்கிறது. கீழே காப்பிக் கடையில் போய் நின்றதும் "கோப்பி சி கோசோங்" என்று வாய் தானாகச் சொன்னது. பால் உண்டு, சர்க்கரை கிடையாது என்று பொருள். கடைக்காரர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்கவேண்டும்? காசு வாங்கினார், கோப்பி கொடுத்தார்.

ஆக, என் விஷயத்தில் கட்டடம் இருக்கிறது, காப்பிக் கடை இருக்கிறது, டிராகன்கூட இருக்கிறது. அப்படியும் என் சிங்கப்பூர் அங்கே இல்லை. ஏனென்றால் அது எங்கள் பாஸ்களால் ஆனது.

வெளியூர் ஆட்களுக்கு இது புரியவேண்டுமென்றால் கொஞ்சம் விளக்க வேண்டும். அங்கே வெளிநாட்டுக்காரன் ஒவ்வொருவனுக்கும் ஒரு பாஸ். கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் இருப்பவருக்கு வொர்க் பெர்மிட். அதில் குடும்பத்தைக் கூட்டி வரவே முடியாது. அதற்கு மேலே எஸ் பாஸ், அதற்கும் மேலே எம்ப்ளாய்மென்ட் பாஸ். மேலே இருப்பவர்களுக்கும் மனைவி மக்களைக் கூட்டி வரச் சம்பள வரம்பு உண்டு. 2012இல் மாதம் 4,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 2015இல் 5,000, 2018இல் 6,000 என்று அது ஏறிக்கொண்டே போனது. எங்கள் அறையில் இருந்தவர்களில் பாதிப் பேருடைய வாழ்க்கை முடிவுகளை எடுத்தது இந்த எண்கள்தான். கல்யாணம் ஆனவுடன் ஒருவன் மெல்பர்னுக்கு விண்ணப்பம் போட்டான், இன்னொருவன் டொரொன்டோவுக்கு. ஜூரோங்கில் வேலை பார்த்த அண்ணன் ஊருக்குப் போய்விட்டு வளைகுடாவுக்குப் போனார். நானும் கிளம்பினேன்.

இதில் அந்த ஊர்க்காரர்களைக் குறை சொல்ல நான் தயாரில்லை. ரயிலில் கால் வைக்க இடமில்லை, வீட்டு விலை எகிறுகிறது என்று 2011 தேர்தலில் வாக்குச்சீட்டில் காட்டினார்கள். 2030இல் மக்கள்தொகை 69 லட்சம் வரை போகலாம் என்று 2013 ஜனவரியில் அரசு வெள்ளை அறிக்கை வெளியிட்டபோது, அடுத்த மாதமே ஹொங் லிம் பூங்காவில் திரண்டு நின்றார்கள். அவர்கள் நாடு, அவர்கள் கணக்கு. வரம்பை உயர்த்தியது நியாயமா என்று என்னைக் கேட்டால், அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன் என்பேன்.

பாஸ் ரத்தானால் கையில் இருப்பது முப்பது நாள் தங்கும் அனுமதி. அந்த முப்பது நாள் இருக்கிறதே, அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். வருமான வரிக் கணக்கு முடியும்வரை கடைசிச் சம்பளத்தை நிறுத்தி வைப்பார்கள். வங்கிக் கணக்கு, போன் இணைப்பு, அறை முன்பணம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மூடவேண்டும். அப்புறம் சாமான்கள். எங்கள் அறையில் ஒரு ரைஸ் குக்கர் இருந்தது. மூடியின் கைப்பிடி உடைந்து, பழைய போன் சார்ஜர் வயரைச் சுற்றிக் கட்டியிருக்கும். யார் வாங்கியது என்று எனக்கு முன்னால் இருந்தவருக்கே தெரியாது. கிளம்புகிறவர் புதிதாக வருகிறவரிடம் கொடுத்துவிட்டுப் போவார், அவ்வளவுதான். என் முறை வந்தபோது, திருச்சியிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கியிருந்த ஒரு பையனிடம் கொடுத்தேன். அவனும் இப்போது அங்கே இல்லை.

ஊர்க்காரருக்கு ஒரு கட்டடம் போனாலும் பக்கத்து வீட்டு மனிதர் இன்னொரு பேட்டையில் இருப்பார், எங்காவது கல்யாணத்தில் பார்த்துக்கொள்ளலாம். எங்களுக்கு மனிதர்களே போய்விடுகிறார்கள். அதிகாலை மூன்று மணிக்கு முஸ்தபா பேரங்காடிக்குள் சும்மா சுற்றியவர்கள் (அப்போது 24 மணி நேரமும் திறந்திருக்கும்) எல்லோரும் ஏதோ ஒரு பாஸ் வைத்திருந்தவர்கள். அதனால்தான் திரும்பிப் போகிறவனுக்கு ஊர் காலியாகத் தெரிகிறது. அந்தக் காலிக்கு ஊரின் மீது பழி போடுவது சுலபம். "உயிர் போய்விட்டது" என்று எழுதிவிடலாம்.

இந்த முறை போக எனக்கு விசா வேண்டியிருந்தது. இந்தியப் பாஸ்போர்ட் என்றால் எத்தனை வருஷம் அங்கே வரி கட்டியிருந்தாலும் விசாதான். முகவரிடம் புகைப்படம், படிவம், எங்கே தங்குவாய் என்ற விவரம். முன்பு கட்டைவிரலை வைத்து வாயிலைத் திறந்துகொண்டு போவேன். கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. சொல்லப்போனால் ஒரு தெளிவு வந்தது. ரயில் வரைபடத்தின் முன்னால் நிற்கும்போதும் அதே தெளிவு. நான் கிளம்பியபோது பெருவிரைவு ரயிலுக்கு நான்கு நிறங்கள், இப்போது ஆறு. நீலமும் பழுப்பும் எனக்குத் தெரியாத தடங்கள். பக்கத்தில் நின்ற சீனப் பயணியும் நானும் ஒரே மாதிரி விரலால் தடவி வழி தேடினோம்.

ஒரு சின்ன எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். திரும்பி வந்தவர்கள் வாழ்நாள் முழுக்க "சிங்கப்பூரில் எல்லாம்..." என்று வகுப்பெடுப்பார்கள். அவர்கள் சொல்வது அவர்கள் கிளம்பிய ஆண்டின் சிங்கப்பூர். நாங்கள் இருந்தபோது உணவங்காடியில் தட்டை மேசையிலேயே விட்டுவிட்டு எழுவோம், துப்புரவு ஆன்ட்டி எடுப்பார். 2021 செப்டம்பரிலிருந்து அப்படி விட்டுவிட்டுப் போனால் முதலில் எச்சரிக்கை, மறுபடி செய்தால் அபராதம். டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம் பிடிப்பது மட்டும் மாறவில்லை.

அப்புறம் தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனேன். கூட்டம் குறையவில்லை. அன்று தொலைபேசி அட்டை வாங்கிச் சுரண்டி, எண்ணை அழுத்தி, பேச்சு முடியுமுன் நிமிடம் தீர்ந்துவிடும். இன்று புல்தரையில் உட்கார்ந்து வீடியோவில் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார் ஒருவர். "7ஐக் கீழே போட்டியா இல்லையா, அதைக் காட்டு" என்று அதட்டினார். சுற்றிலும் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

இதே பகுதியில்தான் 2013 டிசம்பர் 8 கலவரம். ரேஸ் கோர்ஸ் ரோட்டில் தனியார் பேருந்து ஏறித் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் இறந்ததில் தொடங்கியது. அதன் பிறகு மது விற்கும் நேரத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. 2020இல் தொற்றுக் காலத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் விடுதிகளில் அடைபட்டுக் கிடந்தார்கள். ஊரின் மற்றவர்கள் சகஜ நிலைக்குத் திரும்பிவிட்ட 2022இல்கூட, ஞாயிறு அன்று லிட்டில் இந்தியா போன்ற நான்கு இடங்களுக்கு வர விடுதித் தொழிலாளர்கள் தனியாக இன்னொரு பாஸ் எடுக்கவேண்டியிருந்தது. தேக்காவில் ஒரு டீ குடிக்கப் பாஸ்! பழைய சிங்கப்பூர் காணோம் என்று எழுதுகிற எம்ப்ளாய்மென்ட் பாஸ் பேர்வழிகள் யாரும் இதை எழுதி நான் பார்க்கவில்லை. அவர்களுக்குப் பிடித்த கடை மூடியதுதான் பெரிய இழப்பு.

திரும்பி வந்ததும் பழைய அறைத் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் புகைப்படங்களைப் போட்டேன். உடனே ஆளாளுக்கு உருகி, எல்லோரும் குடும்பத்தோடு சிங்கப்பூரில் சந்திக்கலாம் என்று ஒருவன் வாக்கெடுப்பு வைத்துவிட்டான். நான் மெல்பர்னுக்குப் போட்டிருக்கிறேன். எங்களில் அதிகம் பேர் இருப்பது அங்கேதான். அந்தப் புளோக்கின் கீழே நின்று படம் எடுத்துக்கொள்ள இத்தனை பேர் டிக்கெட் எடுக்கவேண்டியதில்லை. ஜூரோங் அண்ணன் மட்டும் இன்னும் வாக்களிக்கவில்லை. லீவு கிடைக்குமா என்று கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.