நூறு சோல் தாளை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா?

பெரு நாட்டில் செலவு குறைவு என்கிறார்கள். சரி, குறைவுதான். சோல்தான் அந்த நாட்டுப் பணம்; குஸ்கோ நகரின் சான் பெத்ரோ சந்தையில் 10, 15 சோலுக்குச் சூப்பு, சோறு, கோழி என்று மதியச் சாப்பாடே முடிந்துவிடும். அந்தப் பத்து சோலை எப்படிக் கொடுப்பது என்பதை மட்டும் ஒருத்தரும் சொல்வதில்லை!

ஏடிஎம்மில் அட்டையைச் செருகினால் ஒரு தடவைக்கு 400 அல்லது 700 சோல்தான் வரும். அதற்கே 20, 30 சோல் கட்டணம் என்று பிடுங்கிக்கொள்கிறார்கள். வந்து விழுவதோ 100 சோல் தாள்கள். அதைச் சந்தையில் நீட்டிப் பாருங்கள். கடைக்கார அம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார், விரலால் தடவுவார், நகத்தால் சுரண்டுவார். கள்ள நோட்டு மலிந்த நாடு, சோதிக்கட்டும், தப்பில்லை. நல்ல தாள்தான் என்று தெரிந்த பிறகும் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நோ ஐ சென்சியோ"! சில்லறை இல்லையாம். காலையிலிருந்து நடக்கும் வியாபாரத்துக் காசெல்லாம் எங்கே தாயே போனது?

டாக்சியில் மீட்டரே கிடையாது. ஏறும் முன் பேரம் பேசி 8 சோலுக்குப் படியவைத்து, இறங்கும்போது இருபதை நீட்டினால் ஓட்டுநர் பையைத் தட்டிக் காட்டுகிறார். மிச்சத்தை விட்டுத்தொலை என்று அர்த்தம். அப்புறம் என்ன இழவுக்கு அந்தப் பேரம்?

உள்ளூர்க்காரர்களுக்குக் கவலையில்லை, சோளம் விற்கும் தள்ளுவண்டியில்கூட க்யூஆர் ஒட்டியிருக்கிறது, கைப்பேசியைக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். உள்ளூர்க் கணக்கு இல்லாத நாம் பேந்தப் பேந்த விழிக்க வேண்டியதுதான். அட்டை வாங்கும் சின்னக் கடைகளில் பல, அதற்கென்று நாலைந்து சதவீதம் தனியாகக் கேட்கின்றன.

டாலர் இருக்கிறதே என்று தெம்பாகப் போகாதீர்கள். ஓரத்தில் நகக்கண் அளவு கிழிசல் இருந்தாலும், யாரோ பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தாலும் நாணய மாற்றுக் கடையில் தள்ளிவிடுவார்கள். சென்னையில் வாங்கும்போதே ஒவ்வொரு தாளையும் பெண் பார்ப்பதுபோல் பார்த்து வாங்குங்கள்.

உச்சக்கட்டம் மச்சு பிச்சு, மலைமேல் இருக்கும் அந்தப் பழைய இன்கா நகரம். நுழைவுச் சீட்டு 150 சோலுக்கு மேல், ரயில் தனி, அடிவாரத்திலிருந்து மேலே ஏற்றிவிடும் பஸ்ஸுக்கு வெளிநாட்டவரிடம் ஒரு வழிக்கே 12 டாலர். இத்தனையும் கறந்த பிறகு, உள்ளே ஒரு கழிப்பறை உண்டா என்றால் இல்லை! வாசலில்தான் இருக்கிறது, 2 சோல். அதையும் நாணயமாகக் கொடு என்று நின்றால், அவசரத்தில் வந்தவன் யாரிடம் போய்க் கையேந்துவான்?

போகிறவர்கள் முதல் நாளே பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைந்து, ஒரேயொரு தண்ணீர் பாட்டிலுக்கு நூறு சோலை நீட்டி உடைத்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்க லாயக்கில்லை, எப்படியும் பாட்டில் வாங்கித்தான் ஆக வேண்டும். கல்லாவில் இருப்பவர் முறைத்தால் முறைக்கட்டும்.