ஓட்ஸ் கஞ்சியும் சீனி வருத்தமும்: ஒரு திருத்தம்

“ஓட்ஸில் மாச்சத்து இல்லை, சீனி வருத்தக்காரர் வயிறு நிறையக் குடிக்கலாம்” என்று சிலர் சொல்வது பிழை. நம்பிக் குடித்தால் இரத்தத்தில் சீனி ஏறும். 100 கிராம் உலர்ந்த ஓட்ஸில் ஏறத்தாழ 65 கிராம் மாச்சத்து இருக்கிறது. நார்ச்சத்து 10, புரதம் 13 கிராம். நன்மை தருவது அதிலுள்ள பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார். அது கஞ்சியை வழுவழுப்பாக்கி, சீனி இரத்தத்தில் சேரும் வேகத்தைக் குறைக்கிறது. ஏறாமல் தடுப்பதில்லை.

ஒருவருக்கு 40 கிராம், அதாவது அரைக் கோப்பை, போதும். ஒன்றரைக் கோப்பை தண்ணீரில் மெல்லிய நெருப்பில் ஐந்து நிமிடம் வேகவிடுங்கள். மாவாய் அரைத்தாலோ, உடனடி ஓட்ஸ் வாங்கினாலோ விரைவில் செமித்துச் சீனி சட்டென்று ஏறும். சர்க்கரை, பேரீச்சம்பழம் வேண்டாம்; முருங்கையிலை, அவித்த பயறு சேருங்கள். கொழுப்பைக் குறைக்கவென்று குடிப்பவர் கஞ்சியில் தேங்காயின் தலைப்பாலை ஊற்றுவது வீண்வேலை. குடித்து இரண்டு மணித்தியாலத்தில் சீனி பார்த்தால் உங்கள் அளவு தெரியும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இலங்கையின் வடக்கே வன்னியில் விளையும் குரக்கனை (கேழ்வரகை) இதற்காகக் கைவிடத் தேவையில்லை. கல்சியம் அதில் ஓட்ஸைவிடப் பல மடங்கு.