மாடு தின்றது போக மீதித் தட்டை

மூடாக்கு, அதாவது ஈரம் காக்க நிலத்தைத் தழை, தட்டையால் மூடுவது பற்றி வருகிற வீடியோக்களைக் கவனித்திருக்கிறீர்களா? முக்கால்வாசியில் பின்னால் தென்னந்தோப்பு நிற்கும். விழுகிற மட்டையை விழுந்த இடத்தில் போட்டால் அங்கே வேலை முடிந்தது. எங்கள் விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் கதை வேறு. கம்பந்தட்டை, சோளத்தட்டை எல்லாம் மாட்டுக்கு. படப்பாக அடுக்கிவைத்த தட்டை தீர்ந்தால் வைகாசியில் மாட்டைச் சந்தைக்கு ஓட்ட வேண்டியதுதான். அதைப் போய் நிலத்தில் பரப்பச் சொன்னால் எவன் கேட்பான்?

ஆனால் பருத்திமார், துவரைமார் என்கிற காய்ந்த குச்சிகளை மாடு தின்னாது. மக்காச்சோளத் தட்டையை மேலாகக் கடித்துவிட்டு விட்டுவிடும். அடுப்புக்குப் போனது போக மிச்சத்தை வரப்போரம் குவித்துக் கொளுத்துகிறோம். என் சண்டை அந்தத் தீயோடுதான்.

போன ஐப்பசியில் உளுந்து விதைத்து, முதல் களை எடுத்ததும் பத்து சென்டில் மட்டும் வரிசைகளுக்கு நடுவே பழைய மக்காச்சோளத் தட்டையை நறுக்கிப் பரப்பினேன். இரண்டு விரற்கடை கனம். கார்த்திகை அடைமழையில் பயந்துதான் போனேன். தண்ணீர் தேங்கிய தாழ்ந்த மூலையில் செடி மஞ்சளடிக்க, அங்கே மட்டும் தட்டையை அள்ளிவிட்டேன். மாத முடிவோடு மழை நின்றது. காய் பிடிக்கிற நேரம். மூடாத பக்கம் வெடிப்பு விட்டது. கரிசல் வெடித்தால் அடி ஈரமும் அந்த வழியாகவே போய்விடும். மூடிய பக்கம் மயிரிழைக் கீறல்தான். மதிய வெயிலில் இலை துவள ஒரு வாரம் கூடுதலாக ஆனது. மானாவாரிக்காரனுக்கு அந்த ஒரு வாரம் பெரிசு.

பயிர் நிற்கும்போது தட்டையை மண்ணுக்குள் கிளறிவிடாதீர்கள். மட்கவைக்கிற நுண்ணுயிர்கள் பயிருக்கான தழைச்சத்தையும் எடுத்துக்கொள்ளும். மேலேயே கிடக்கட்டும். கரையானையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

"வருஷம் முழுக்க நிலத்தை மூடி வை, உழாதே" என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. 2018-ல் மக்காச்சோளத்தைத் தின்கிற படைப்புழு வந்த பிறகு, அதைப் போடுகிறவன் கோடை உழவை விட முடியாது. மண்ணுக்குள் இருக்கும் அந்தப் புழுவின் கூட்டுப்புழு வெளியே வந்து வெயிலில் சாகவேண்டும். கோடைமழையும் உழுத நிலத்தில்தான் இறங்கும்.

இந்த வருஷம் அரை ஏக்கர் போடலாம் என்றிருக்கிறேன். பத்து சென்டுக்கு நறுக்கவே இரண்டு பேருக்கு மூன்று நாள் ஆனது, கை காய்த்துவிட்டது. ஊரில் ரோட்டவேட்டர் நாலைந்து இருக்கிறது, தட்டை நறுக்கும் மெஷின் ஒன்றுகூட இல்லை. எட்டயபுரம், கோவில்பட்டி சுற்றுவட்டாரத்தில் யாராவது வாடகைக்கு விட்டால் சொல்லுங்கள்.