ஆறு வாரக் கணக்கு தவறு

"ஆறு வாரத்துக்குப் பிறகும் வலித்தால் முழங்கால் மூட்டு மாற்று அறுவை தோற்றுவிட்டது" என்றும், வலி தீராதவர்கள் சோம்பேறிகள் என்றும் உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள், ஐயா. அப்படி இல்லை. வீக்கமும் சூடும் பல மாதங்கள் நீடிப்பது வழக்கம். முழுமையாகத் தேற ஓராண்டுகூட ஆகலாம். ஏறக்குறைய 10 முதல் 20 விழுக்காட்டினருக்கு வலி அதன்பிறகும் தங்கிவிடுகிறது. அவர்களைச் சோம்பேறிகள் என்பது அநியாயம்.

என் அம்மா இந்த அறுவைக்குப் பின் ஐந்தாம் மாதத்தில் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரம்வரை நடந்தார். (படியேறவில்லை, அந்த மட்டும் விவேகம் இருந்தது.) மறுநாள் முட்டி பந்துபோல் வீங்க, துண்டில் சுற்றிய ஐஸ் பொட்டலத்தை வைத்துக்கொண்டு அழுதார். இரண்டு நாள் நடையைக் குறைத்தார். மடக்கி நீட்டும் பயிற்சியை விடவில்லை. வீக்கம் வடிந்தது.

காய்ச்சல், தையலில் கசிவு, கெண்டைக்கால் வீங்கி வலிப்பது ஆகியவை வேறு கதை. அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.