பத்து எண்ணிவிட்டு எடுக்கணும்

சர்க்கரை நோயுள்ள குழந்தைகளை வீடியோ காலிலேயே டாக்டர் கவனித்துக்கொள்ளலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. என் ஒன்பது வயது மகனுக்கு டைப் 1, அதாவது உடம்பில் இன்சுலின் சுரக்காததால் தினமும் ஊசி போட வேண்டிய சர்க்கரை நோய். குறிஞ்சிப்பாடிப் பக்கம் இருக்கிறோம். டாக்டரைப் பார்க்கப் புதுச்சேரிக்குப் போய்வந்தால் அவனுக்கு ஒருநாள் பள்ளிக்கூடம் போகும், எனக்கு ஒருநாள் கூலி போகும். அதனால் வீடியோ கால் எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

போன வருஷம் அவனுடைய காலை நேரச் சர்க்கரை அளவு தொடர்ந்து 250க்கு மேலேயே நின்றது. டாக்டர் இன்சுலின் டோஸைக் கூட்டுவார் என்று நினைத்தேன். அவரோ வீடியோ காலில், "தம்பி, நீ ஊசி போடுறதைக் காட்டு" என்றார். இவன் பட்டனை அழுத்தியதும் இன்சுலின் பேனாவை உருவிவிட்டான். ஊசி நுனியில் ஒரு சொட்டு மருந்து தொங்கியது. "பத்து எண்ணிவிட்டு எடுக்கணும்டா கண்ணு" என்றார். அவன் தொப்புள் பக்கம் என்னைத் தடவிப் பார்க்கச் சொன்னார். ஒரே இடத்தில் குத்திக் குத்தி அங்கே தோல் தடித்திருந்தது. அதில் போட்டால் மருந்து சரியாக உடம்பில் சேராதாம். இடத்தை மாற்றியதும் அளவு இறங்கியது.

ஆனால் மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை, உயரம், எடைக்கு நேரில் போகத்தான் வேண்டும். வாந்தியும் வயிற்றுவலியும் வந்து மூச்சு வாங்கினால் வீடியோ காலுக்காகப் போனை எடுக்காதீர்கள், நேரே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். இன்சுலின் போதாமல் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறினால் உயிருக்கே ஆபத்து.

கட்டுரையில் விட்டுப்போன ஒன்று: 2024 ஃபெஞ்சல் புயலில் எங்களுக்குக் கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. இன்சுலினை டப்பாவில் போட்டு ஈரமான மண்பானைக்குள் வைத்தோம். அன்றைக்குக் கைகொடுத்தது, இப்படிப்பட்ட நேரத்தில் என்ன செய்வதென்று டாக்டர் முன்கூட்டியே சொல்லி நான் எழுதி பீரோ கதவில் ஒட்டியிருந்த தாள்தான்.