ஹப்பும் ஸ்விட்சும் ஒன்றல்ல
"ஹப்பும் ஸ்விட்சும் ஒன்றுதான், இரண்டுமே தகவலை உரிய கணினிக்கு மட்டும் அனுப்பும்" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் பல கணினிகளைக் கேபிள் வழியாக ஒரே வலையமைப்பில் இணைக்கும் கருவிகள்தான்; ஆனால் உரிய கணினிக்கு மட்டும் அனுப்பும் என்பது ஹப் விஷயத்தில் தவறு. படிக்கிற பிள்ளைகள் அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதால் சொல்கிறேன்.

ஹப்புக்கு முகவரி என்றாலே என்னவென்று தெரியாது. ஒரு போர்ட்டில் (கேபிள் செருகும் துளையில்) வரும் மின்சமிக்ஞையைப் புதுப்பித்து, மற்ற எல்லாப் போர்ட்டுகளுக்கும் அனுப்பும், அவ்வளவுதான். எட்டுக் கணினிகள் இருந்தால், ஒன்று இன்னொன்றுக்கு அனுப்பும் தகவல் மற்ற ஆறுக்கும் போய்ச் சேரும். தனக்கில்லை என்று பார்த்து அவைதான் ஒதுக்க வேண்டும். இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் அனுப்பினால் சமிக்ஞைகள் மோதிக் கெட்டுவிடும். அப்போது சில ஹப்களில் 'கொலிஷன்' விளக்கு மினுக்கும். இரண்டும் நிறுத்தி, ஆளுக்கொரு சிறு இடைவெளி விட்டு மறுபடி அனுப்பும். அதனால் 10 எம்பிபிஎஸ் (நொடிக்கு 10 மெகாபிட்) வேக ஹப் என்றால், அந்த 10-ஐ எல்லாரும் சேர்ந்துதான் பங்கிட வேண்டும். ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடியாது.

ஸ்விட்ச், எந்த மேக் முகவரி (கருவியின் வலையமைப்பு இணைப்புக்கு உரிய அடையாள எண்) எந்தப் போர்ட்டில் என்று கற்றுக்கொண்டு அங்கே மட்டும் அனுப்பும். சரி, ஸ்விட்சும் சில சமயம் எல்லாருக்கும் அனுப்பும்: பிராட்காஸ்ட் (எல்லாருக்கும் என்றே அனுப்பப்படும் தகவல்) வந்தால், அல்லது முகவரியை இன்னும் கற்கவில்லை என்றால். உங்களுக்குக் குழப்பம் வந்தது அதனால்கூட இருக்கலாம்.

அப்புறம், ஹப் முழுக்க வீண் என்பதும் சரியல்ல. இரண்டு கருவிகளுக்கு நடுவே பழைய ஹப் ஒன்றைச் செருகி, மூன்றாவது போர்ட்டில் ஒரு கணினியை இணைத்து வயர்ஷார்க் (வலையமைப்பில் போகும் தகவலைப் பிடித்துக் காட்டும் மென்பொருள்) ஓட்டினால் போக்குவரத்து முழுவதையும் பார்க்கலாம். ரகசியத் தகவல் போகும் வலையமைப்பில் ஹப்பைத் தவிர்க்கச் சொல்வதும் இதே காரணத்தால்தான். தயவுசெய்து பதிவைத் திருத்திவிடுங்கள்.